ஆட்டிசம் மதிப்பீட்டுக்குக் குழந்தையை அழைத்துப் போகுமுன்

ஆட்டிசத்தைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. குழந்தை எப்படிப் பார்க்கிறது, கூப்பிட்டால் என்ன செய்கிறது, வேண்டியதை எப்படித் தெரிவிக்கிறது, எதை வைத்து எப்படி விளையாடுகிறது என்று நேரில் கவனித்தும், வளர்ப்பவர்களிடம் கேட்டும்தான் முடிவுக்கு வர முடியும். அந்தக் கவனிப்பையும் கேள்வியையும் ஒழுங்குபடுத்தி மதிப்பெண் போட உதவுபவைதான் மதிப்பீட்டுக் கருவிகள். வளர்ப்பவர்கள் சொல்லும் பதில் மங்கலாக இருந்தால் மதிப்பெண்ணும் மங்கலாகத்தான் வரும். வட சென்னையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்துப் பெற்றோர் எந்தக் கட்டத்தில் எந்தக் கருவியைச் சந்திப்பார்கள், அதற்கு எப்படித் தயாராவது, எங்கே தவறு நேர்கிறது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கருவிகள் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. "இந்தக் குழந்தையை மேற்கொண்டு பார்க்க வேண்டுமா?" என்று கேட்பவை சில. "இது ஆட்டிசம்தானா?" என்று தீர்மானிக்க உதவுபவை சில. "மாற்றுத்திறனாளி சான்றிதழில் எத்தனை சதவீதம் போடுவது?" என்பதற்கு ஒன்று. முதல் வேலைக்கான தாளை வைத்துக்கொண்டு "ஆட்டிசம் உறுதி" என்று அழுவதும், மூன்றாவது வேலைக்கான எண் குறைவாக வந்ததால் "ஒன்றுமில்லை" என்று சிகிச்சையை நிறுத்துவதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. எந்தத் தாள் கைக்கு வந்தாலும், இது எந்த வேலைக்கானது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

எம்-சாட்: 20 கேள்விகள்

16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு முதலில் வைக்கப்படுவது எம்-சாட்-ஆர்/எஃப். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை. பெரும்பாலான கேள்விகளுக்கு "இல்லை" என்றால் 1 மதிப்பெண். 2, 5, 12 ஆகிய மூன்று மட்டும் தலைகீழ். காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டதுண்டா, விரல்களைக் கண்ணருகே வைத்து வினோதமாக அசைக்கிறதா, அன்றாடச் சத்தங்களுக்குக் கலங்குகிறதா என்ற இந்த மூன்றுக்கும் "ஆமாம்" என்றால்தான் 1. அவசரத்தில் கூட்டுபவர்கள் சறுக்கும் இடம் இது. வீட்டில் ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

மொத்தம் 0 முதல் 2 வரை என்றால் இப்போதைக்குக் கவலை குறைவு. ஆனால் குழந்தைக்கு 2 வயது நிரம்பவில்லை என்றால், நிரம்பியதும் மறுபடி கேட்க வேண்டும். 3 முதல் 7 வரை என்றால் இரண்டாம் கட்ட நேர்காணல். 1 மதிப்பெண் விழுந்த கேள்விகளை மட்டும் எடுத்து விரிவாகக் கேட்பார்கள். அதற்குப் பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, நேரே அனுப்பலாம்.

இந்த இரண்டாம் கட்டத்தைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். முதல் தாளில் 4 வந்ததுமே பயமுறுத்திவிடுவார்கள், அல்லது "4 தானே, போகப்போகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டும் தவறு. 2014இல் வெளியான ஆய்வில், இரண்டு கட்டங்களுக்குப் பிறகும் சந்தேகம் நீங்காமல் முழு மதிப்பீட்டுக்கு வந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆட்டிசம் உறுதியானது. ஆட்டிசம் இல்லாதவர்களையும் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஏதாவதொரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய குறையோ இருந்தது. ஆட்டிசம் இல்லை என்று பின்னால் தெரிந்தாலும் அந்த அலைச்சல் வீணில்லை என்பதை இந்த எண்ணே சொல்கிறது.

பதில் சொல்லும்போது ஒரு விதியை மறக்காதீர்கள். எப்போதோ ஓரிரு முறை செய்தது, வழக்கமாகச் செய்வதில்லை என்றால் பதில் "இல்லை". நம் வீடுகளில் இதுதான் கடினம். "பேர் சொன்னா திரும்புறானா?" என்றால், "மூடு இருந்தா திரும்புவான் மேடம்" என்று அம்மா சொல்வார். பாட்டி குறுக்கே வந்து, "அதெல்லாம் நல்லா திரும்புவான், இவ சொல்றத நம்பாதீங்க" என்பார். பேரன்மேல் உள்ள பாசம் அது. ஆனால் மதிப்பெண்ணில் 1 காணாமல் போய்விடும். போவதற்கு முந்தைய வாரம், பாட்டியையும் கூட வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போது, முகம் தெரியாமல் பின்னால் நின்று, வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரால் கூப்பிடுங்கள். கை தட்டாதீர்கள், தொடாதீர்கள், செல்போன் பாட்டைப் போடாதீர்கள். வெவ்வேறு நேரங்களில் 10 முறை கூப்பிட்டு, எத்தனை முறை திரும்பியது என்று எழுதிவையுங்கள்.

சுட்டிக்காட்டுவதைக் கவனிக்கும்போது இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். பிஸ்கட் டப்பாவை விரலால் காட்டிக் கேட்பது ஒன்று. மேம்பாலத்தில் மெட்ரோ ரயில் போவதைக் காட்டி, "பார்த்தியா?" என்பதுபோல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. எம்-சாட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி உண்டு. எதையும் வாங்கிக்கொள்ள அல்லாமல், பகிர்ந்துகொள்ள மட்டுமே காட்டும் அந்த இரண்டாவது வகைதான் ஆட்டிசத்தில் பெரும்பாலும் தவறும். உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் டப்பாமேல் வைப்பது சுட்டிக்காட்டுவதில் சேராது.

அறையின் மறுபக்கம் எதையாவது காட்டினால் பார்க்கிறதா என்ற கேள்விக்கு, ஒற்றை அறை வீட்டில் சோதிப்பது சிரமம். வாசலில் நின்று மின்கம்பியில் உட்கார்ந்த காக்கையைக் காட்டுங்கள். குழந்தை உங்கள் விரலையே பார்க்கிறதா, விரல் போகும் திசையைப் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி. சத்தம் பற்றிய கேள்விக்கு மிக்ஸி, குக்கர் விசில், தெருவில் அடிக்கும் மேளம் ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் ஏர்ஹாரனுக்கு எந்தக் குழந்தையும் திடுக்கிடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எம்-சாட்டுக்காகக் காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. 12 மாதத்தில் மழலையோ டாட்டா காட்டுவது போன்ற சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்த்துத் தானாகச் சொல்லவில்லை, அல்லது எந்த வயதிலானாலும் பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோனது என்றால் நேரே மருத்துவரிடம் போங்கள். "இவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு" என்ற ஆறுதல் பல குழந்தைகளின் நல்ல காலத்தைத் தின்றிருக்கிறது.

காது பரிசோதனை முதலில்

ஆட்டிசம்தானா என்று தீர்மானிக்க எந்தக் கருவியை எடுப்பதற்கு முன்பும் காது பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். கேட்கும் திறன் குறைந்த குழந்தையும் பேர் சொன்னால் திரும்பாது, பேசாது. ஓ.ஏ.இ. என்பது சில நிமிடங்களில் முடியும் எளிய சோதனை. அதில் தேறினாலும் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையில் உள்ள கோளாறு தெரியாமல் போகலாம். அதனால் பேச்சு வராத குழந்தைக்குப் பெரா சோதனையும் கேட்பார்கள். பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். முந்தைய இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ தூங்கவிடாமல் கூட்டிவரச் சொல்வார்கள். வரும் வழியில் அரை மணி நேரம் தூங்கிவிட்டால் அங்கே போய் விழித்துக்கொள்ளும், அன்றைய சோதனை போச்சு, மறுபடி தேதி வாங்க வேண்டும். விழித்திருக்க வைப்பதற்கென்றே இன்னொருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

மூளை ஸ்கேனும், மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி.யும் எல்லாக் குழந்தைக்கும் வேண்டியவை அல்ல. வலிப்பு வந்திருந்தாலோ, கற்றது கைவிட்டுப் போயிருந்தாலோ, உடல் பரிசோதனையில் வேறு அறிகுறி இருந்தாலோ மருத்துவர் கேட்பார். வேறு காரணம் எதுவும் இல்லாமல், ஆட்டிசமா என்று பார்ப்பதற்காக மட்டும் கடன் வாங்கி ஸ்கேன் எடுக்காதீர்கள்.

எங்கே போவது

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு அருகில் இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு விம்கோ நகர் பக்கத்திலிருந்து மெட்ரோவில் வந்து, சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை பெரம்பூர், அயனாவரம் பக்கத்தவர்களுக்கு வசதி. முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் நகரத்தைத் தாண்டித் தெற்கே இருக்கிறது. அங்கே போவதென்றால் நாள் முழுவதும் ஒதுக்கி, குழந்தைக்கு மதியச் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கன்வாடியில் சேர்த்திருந்தால், அங்கு வரும் அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவிடம் சொல்லி, மேல் பரிசோதனைக்கு எழுதி வாங்கலாம். அந்தக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும் என்பது திட்டத்தின் விதி.

மதிப்பீடு செய்பவர் மருத்துவ உளவியலாளர் என்றால், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. அந்த எண் இல்லாத அறிக்கை பின்னால் சான்றிதழுக்கும் தேர்வுச் சலுகைக்கும் உதவாமல் போகலாம்.

நோயறியும் கட்டம்

முடிவு செய்வது மருத்துவர். அவர் அளவுகோலாக வைத்திருப்பது பெரும்பாலும் 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு. அதன்படி சமூகத் தொடர்பில், மற்றவரோடு கொடுத்து வாங்கிப் பழகுவது, பார்வையாலும் சைகையாலும் தெரிவிப்பது, உறவை வளர்ப்பது என்ற மூன்றிலும் குறை இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்க முடியாதது, ஒன்றிலேயே மூழ்கிப்போகும் ஆர்வம், புலன் உணர்வு மிகையாகவோ குறைவாகவோ இருப்பது என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். கருவிகள் இந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்கின்றன, தீர்ப்பு எழுதுவதில்லை.

கார்ஸ்-2 பரவலாகப் பயன்படுகிறது. 15 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை, இடையில் அரை மதிப்பெண்ணும் போடலாம். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மொத்தம் 30க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை என்ற பக்கம். 30 முதல் 36.5 வரை லேசு முதல் மிதம். 37 முதல் 60 வரை தீவிரம். குழந்தையை நேரில் பார்க்காமல் அம்மாவிடம் மட்டும் கேட்டு இதை நிரப்பிவிடுவது வழக்கமான தவறு. நேரடிக் கவனிப்பும் சேர வேண்டும்.

இந்தியாவுக்கென்றே உருவாக்கப்பட்ட இன்கிளென் கருவி 2 முதல் 9 வயது வரைக்குமானது. கேள்விகளும் எடுத்துக்காட்டுகளும் நம் வீடுகளுக்கு ஓரளவு பொருந்தும் என்பது அதன் பலம்.

ஏடாஸ்-2 சில தனியார் மையங்களில் உண்டு. விலை அதிகம், தனிப் பயிற்சியும் வேண்டும் என்பதால் எங்கும் கிடைக்காது. 40 முதல் 60 நிமிடம், சோப்புக் குமிழி, பலூன், பொம்மைக்குப் பிறந்தநாள் என்று விளையாட்டாகவே போகும். பார்ப்பவருக்கு, இது என்ன சோதனை, விளையாடிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று தோன்றும். பரிசோதகர் வேண்டுமென்றே பலூனை ஊதிவிட்டுச் சும்மா இருப்பார். இன்னொருமுறை ஊதச் சொல்லி குழந்தை எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பதற்காக. அந்த இடத்தில் அம்மா, "ஆன்ட்டிகிட்ட கேளுடா கண்ணு" என்று சொல்லிவிட்டால் அந்தப் பகுதி வீண். அறையில் உட்காரச் சொன்னால் பேசாமல் உட்காருங்கள். சொல்லும்போது மட்டும் கூப்பிடுங்கள். பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது பழக்கமில்லாத குழந்தை அங்கே திகைத்து நிற்கலாம். சொப்புச் சாமானில் சோறு ஆக்கிப் பொம்மைக்கு ஊட்டுவது வீட்டில் வழக்கம் என்றால் அதைப் பரிசோதகரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இவற்றோடு அறிவு வளர்ச்சி, பேச்சு, அன்றாடத் திறன் ஆகியவற்றுக்குத் தனிச் சோதனைகள் உண்டு. அவற்றில் வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல், அதாவது வி.எஸ்.எம்.எஸ்., கிட்டத்தட்ட எல்லாருக்கும் வைக்கப்படும். இந்தியத் தழுவலில் 89 அம்சங்கள், 15 வயது வரை. சமூக வயதை உண்மையான வயதால் வகுத்து 100ஆல் பெருக்குவார்கள். 48 மாதக் குழந்தையின் சமூக வயது 30 மாதம் என்றால் 62.5 வரும். இங்கே கணக்கில் வருவது குழந்தை வழக்கமாகச் செய்வது. நம் வீடுகளில் நான்கு வயது வரை ஊட்டிவிடுகிறோம், சட்டையை நாமே மாட்டிவிடுகிறோம். செய்ய விடாததால் செய்யாததும், செய்யத் தெரியாததும் தாளில் ஒன்றுபோல விழுந்துவிடும். போவதற்கு முன் இரண்டு வாரம் தட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்பதை அப்படியே சொல்லுங்கள்.

மொழியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ, தெருவில் தமிழ், செல்போனில் ஆங்கிலப் பாட்டு என்று வளரும் குழந்தைகள் இந்தப் பகுதியில் ஏராளம். சோதனை குழந்தைக்கு அதிகம் பழகிய மொழியில் நடக்க வேண்டும், எந்த மொழியில் நடந்தது என்று அறிக்கையில் இருக்கவும் வேண்டும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வராது. வீட்டு மொழியைக் கைவிடவும் வேண்டாம்.

40 அம்சங்கள், ஒரு சதவீதம்

சான்றிதழுக்குப் பயன்படுவது ஆட்டிசத்துக்கான இந்திய மதிப்பீட்டு அளவுகோல், ஐ.எஸ்.ஏ.ஏ. செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் உருவாக்கியது. 2016 ஏப்ரல் 25 அன்று மத்திய அரசு வழிமுறையாக அறிவித்தது. ஆறு பகுதிகள்: சமூக உறவு 9 அம்சம், உணர்ச்சி வெளிப்பாடு 5, பேச்சும் தொடர்பும் 9, நடத்தை 7, புலன் உணர்வு 6, அறிதல் 4. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. அந்த நடத்தை 20 சதவீத நேரம் வரை மட்டும் தெரிந்தால் 1, 21 முதல் 40 வரை 2, 41 முதல் 60 வரை 3, 61 முதல் 80 வரை 4, அதற்கு மேல் 5. ஆக, யாருக்கும் 40க்குக் கீழ் வராது, 200க்கு மேல் போகாது.

70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசு, 107 முதல் 153 வரை மிதம், அதற்கு மேல் தீவிரம் என்று வகை பிரிக்கிறார்கள். சதவீதத்துக்கு வேறு அட்டவணை. 70க்கு 40 சதவீதம், 71 முதல் 88 வரை 50, 89 முதல் 105 வரை 60, 106 முதல் 123 வரை 70, 124 முதல் 140 வரை 80, 141 முதல் 158 வரை 90, 158க்கு மேல் 100. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதம் வாசல். 69க்கும் 70க்கும் இடையில் ஒரே ஒரு மதிப்பெண் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று பாருங்கள். மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டச் சொல்லவில்லை. நடப்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள் என்கிறோம்.

"சில சமயம் பண்ணுவான்" என்ற பதிலை வைத்து 2 போடுவதா 4 போடுவதா என்று யாராலும் முடிவு செய்ய முடியாது. எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். பந்தை உருட்டினால் 10 முறையில் 7 முறை திருப்பி உருட்டாமல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது என்றால் அது 70 சதவீதம், மதிப்பெண் 4. பேச்சுப் பகுதிக்கு எடுத்துக்காட்டு எழுதிக்கொண்டு போங்கள். "சாப்பிடுறியா?" என்று கேட்டால் "சாப்பிடுறியா" என்றே திருப்பிச் சொல்கிறதா? தனக்குத் தண்ணீர் வேண்டும்போது "உனக்குத் தண்ணி வேணுமா" என்கிறதா? இரண்டும் இரண்டு தனி அம்சங்கள். பேசிக்கொண்டிருந்து நின்றுபோன பேச்சு இன்னொரு அம்சம். நின்றது எந்த மாதம் என்று பழைய வீடியோவைப் பார்த்துத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். நடத்தைப் பகுதியில் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தலையை முட்டிக்கொள்வதையும் கடித்துக்கொள்வதையும் சொன்னால் உங்கள் வளர்ப்பைக் குறை சொல்வார்கள் என்று பயப்பட வேண்டாம்.

நன்றாகப் பேசக்கூடிய, படிப்பில் கெட்டியான பிள்ளைக்கு, மருத்துவர் ஆட்டிசம் என்று உறுதி செய்த பிறகும் இந்தக் கருவியில் 70க்குக் கீழ் வரலாம். பேச்சு இழப்பு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்ற அம்சங்களில் அந்தப் பிள்ளைக்கு 1 தான் விழும். பெண் குழந்தைகள் சிலர் மற்றவர்களைப் பார்த்து அப்படியே செய்து சமாளிப்பதால் இன்னும் எளிதாகத் தப்பிவிடுகிறார்கள். சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதால் மருத்துவரின் முடிவு பொய்யாகிவிடாது, பயிற்சியை நிறுத்தவும் கூடாது.

இன்னொரு குழப்பம்: கார்ஸ் சொல்லும் லேசு வேறு, ஐ.எஸ்.ஏ.ஏ. சொல்லும் லேசு வேறு. டி.எஸ்.எம்-5 சொல்லும் நிலை 1, 2, 3 என்பது எவ்வளவு உதவி தேவை என்பதைக் குறிக்கிறது. மூன்று அறிக்கையில் மூன்று சொல் இருந்தால் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று பொருளில்லை.

போகும் நாள்

குழந்தை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் அது நம் கையில் இல்லை என்பது உண்மைதான். அங்கே ஒருவர் வரிசையில் நிற்க, இன்னொருவர் குழந்தையை வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்கலாம். காத்திருக்கும்போது செல்போன் கொடுத்துவிட்டு உள்ளே போகும்போது பிடுங்கினால், அடுத்த அரை மணி நேரம் அழுகைதான் மதிப்பிடப்படும். போனுக்குப் பதில் பிடித்த பொருள் ஒன்றும் தின்பண்டமும் கொண்டுபோங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பிரசவ டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை, காது பரிசோதனை முடிவு, பழைய மருந்துச் சீட்டுகள், பால்வாடி அல்லது பள்ளி ஆசிரியர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம், இரண்டு மூன்று நிமிட வீடியோ நான்கைந்து. வீடியோவில் தனியாக விளையாடுவது, வேறு குழந்தைகளோடு இருப்பது, சாப்பிடுவது, கோபம் வரும்போது என்று ஒவ்வொன்று. குழந்தையின் முகமும் கையும் தெரிய வேண்டும், எடுப்பவர் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கையை உதறுவது போன்றவை மருத்துவர் அறையில் வரவே வராது, வீடியோதான் கைகொடுக்கும்.

அறிக்கை வாங்கும்போது அங்கேயே நின்று சரிபாருங்கள். தேதி, அன்றைய வயது, கருவியின் பெயரும் பதிப்பும், பயன்படுத்திய மொழி, தகவல் சொன்னவர் யார், பகுதிவாரியான மதிப்பெண், நேரில் கவனித்தது, கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். மொத்த எண் மட்டும் இருந்தால் பகுதிவாரியாகக் கேட்டு வாங்குங்கள். மொத்தம் 110 என்பதை வைத்துப் பயிற்சியாளரால் எதையும் தொடங்க முடியாது. பேச்சுப் பகுதியிலா, புலன் பகுதியிலா, எங்கே அதிகம் என்று தெரிந்தால் பேச்சுப் பயிற்சியா, ஆக்குபேஷனல் தெரபி எனும் தொழில்முறைச் சிகிச்சையா, எதை முன்னால் வைப்பது என்று அன்றே முடிவாகும். மூலத்தை வீட்டில் வைத்து நகல் மட்டும் கொடுங்கள். சான்றிதழுக்கான யு.டி.ஐ.டி., அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை விண்ணப்பத்தை இணையத்தில் பதிந்து, குறிப்பிடும் மருத்துவமனையில் குழுவின் முன் போக வேண்டும். வெளியில் வாங்கிய அறிக்கை இருந்தாலும் அங்கே மறுபடி மதிப்பிடுவார்கள்.

தேதி தள்ளிப்போனால் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். பேச்சுத் தாமதம் என்ற ஒன்றை வைத்தே பேச்சுப் பயிற்சி தொடங்கலாம். முடிவு உறுதியாகவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொன்னால், எந்தெந்த அம்சத்தில் சந்தேகம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதமும் அவற்றை மட்டும் மாதம் ஒருமுறை வீடியோ எடுத்துவையுங்கள், அடுத்த முறை பார்ப்பவர் வேறொருவராக இருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.